ஈரம் ஒட்டாத ஸ்ப்ரே பவுடர்: தாளுக்கு நன்று, அட்டைக்குப் போதாது

வார்னிஷ் அடித்த தாள்கள் அடுக்கிலேயே ஒட்டிக்கொண்டால் படும் பாடு மெஷின்காரருக்குத்தான் தெரியும். பிரித்தால் சர்ரென்று மையும் சேர்ந்து உரிந்துவரும். அதற்காகத்தான் எங்கள் அச்சகத்தில், அச்சடித்த தாள்களுக்கு நடுவே தூவும் இந்தப் பவுடரை வாங்கினோம். மாவுச்சத்துதான், ஆனால் துகள்மேல் நீரை விலக்கும் பூச்சு இருக்கிறது.

துகள்கள் ஒரே சீராக இருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. விரல்களுக்கிடையே தேய்த்தால் கட்டியே தட்டுப்படவில்லை, நாசில் அடைப்பதும் இல்லை. நாங்கள் எடுத்தது 20 மைக்ரான் ரகம். சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள ஆர்ட் தாளுக்குக் கச்சிதம். தாள்களுக்கு நடுவே காற்றுக்கு இடம்விட்டு, எண்ணெய் மை ஆக்சிஜனை ஏற்று இறுகும்வரை காக்கிறது. தடித்த அட்டையின் கனத்துக்கு இது தாங்காது. பெரிய துகள் வேண்டும்.

மறுபக்கம் அச்சடிக்கும்போதுதான் இதன் அருமை தெரிகிறது. சாதாரண மாவு ஆஃப்செட் மெஷினில் ஓடும் தண்ணீரைக் குடித்து, மையைத் தாளுக்கு மாற்றும் ரப்பர் விரிப்பான பிளாங்கெட்டில் பசையாய்ப் படியும். இதில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைவு.

லேமினேஷனுக்குப் போகும் வேலையில் மட்டும் கை தாராளமாகக் கூடாது. கொஞ்சம் கூடினாலும் ஃபிலிமுக்கு அடியில் வெள்ளி நிறப் புள்ளிகள் எழுகின்றன.

தண்ணீர்வகைக் கோட்டிங் அடித்த தாள்கள் ஒட்டுவதையும் இதுவே தடுத்துவிடும் என்கிறார் விற்பனையாளர். அதை நான் நம்பவில்லை. ஈரம் போகாமலோ, டிரையர் சூட்டில் அடுக்கு வெந்தோ ஒட்டும் தாளைப் பவுடர் என்ன செய்யும்? வெப்பக்காற்றைச் சரிசெய்து, அடுக்கைத் தாழ்வாக வைப்பதே வழி.