மண்ணடி மாடிக் கடை: பழைய இயற்கை வரலாறு புக்ஸ் தேடுறவங்களுக்கு ஒரு ரிவ்யூ

சென்னைல பழைய புத்தகம்னாலே மூர் மார்க்கெட் தான்னு சொல்ற ஆளுங்க இன்னும் இருக்காங்க, 1985ல அது எரிஞ்சு போனது, கடைங்க லில்லி பாண்ட் காம்ப்ளெக்ஸ் பக்கம் போனது எல்லாம் தெரிஞ்ச கதை தான், இப்ப அங்க போனா செமஸ்டர் புக்கும் நீட் கைடும் தான் கைல சிக்கும். நான் சொல்லப் போறது வேற கடை. மண்ணடி மெட்ரோல எறங்கி, பேரிங் கடை, போல்ட் நட் கடை எல்லாம் தாண்டி ஒரு சந்து, அதுல ஒரு மாடி. போர்டு கிடையாது. ஓனர் பேரையோ டோர் நம்பரையோ போடாதன்னு அவரே சொல்லிட்டாரு, அதனால வெறும் பாய்னு வச்சுக்கோங்க, தேடுறவங்க எப்படியும் கண்டுபிடிச்சுடுவீங்க.

கடைல இருக்கறது சயின்ஸ் மட்டும் தான். செடி, பறவை, மீனு, பாம்பு, வானசாஸ்திரம், சர்வே, பழைய மெடிக்கல் புக்ஸ். நாவல் இருக்கான்னு ஒருத்தர் கேட்டப்ப "கீழ எறங்கி லெஃப்ட்ல போங்க"ன்னு தலைய கூட தூக்காம சொன்னாரு. கொஞ்சம் திமிரு தான், ஆனா அந்த திமிருக்கு அர்த்தம் இருக்கு.

இந்த கடைய நான் சிபாரிசு பண்றதுக்கு காரணம் ஒண்ணே ஒண்ணு, அந்த துண்டுச் சீட்டு. ஒவ்வொரு புக்குக்குள்ளயும் ஒரு சீட்டு சொருகி வச்சிருப்பாரு, பென்சில்ல எழுதுனது, பேனா அந்த மேசை பக்கமே வரக்கூடாது. நான் வாங்குன புக்ல இருந்த சீட்டை அப்படியே போடுறேன்:

"பிரிட்டிஷ் இந்தியா ஃபானா, பறவைகள், ரெண்டாம் பதிப்பு, வால்யூம் 1, ஸ்டூவர்ட் பேக்கர், லண்டன் 1922. பழைய துணி பைண்டிங், முதுகு மேல் முனை கிழிசல். முன் தாள்ல ஓனர் கையெழுத்து. பிளேட் லிஸ்ட்ல உள்ளதுல ஒரு கலர் பிளேட் இல்லை. ராமபாணம் கடைசி பக்கங்கள்ல ஓரத்துல மட்டும், எழுத்துல படலை. 1,500."

அவ்ளோ தான். (ஃபானான்னா ஒரு நாட்டு விலங்கு, பறவைங்கள பத்தின புக்கு, பிளேட்னா தனித் தாள்ல அச்சடிச்ச படம், ராமபாணம்னா புக்கை அரிக்கற பூச்சி.) "அரிய பொக்கிஷம்", "கிடைக்காத புத்தகம்" மாதிரி ஒரு வார்த்தை கிடையாது. ஆன்லைன்ல பழைய புக்ஸ் விக்கிறவங்க பத்து வரி எழுதுவாங்க, அதுல புக்கு எப்படி இருக்குன்னு மட்டும் இருக்காது. இவரு எழுதுற ஒவ்வொரு வரியும் குறை, அந்த குறைய எல்லாம் படிச்சுட்டு தான் நாம விலைய பாக்குறோம், அதனால வீட்டுக்கு வந்து பிரிச்சு பாத்து நெஞ்ச புடிச்சுக்க வேண்டிய வேலையே இல்ல.

புதுசா இந்த பக்கம் வர்றவங்களுக்கு சொல்றேன், பழைய இயற்கை வரலாறு புக்ல விலை முக்கால்வாசி படத்துல தான் இருக்கு. எழுத்து எல்லாம் இன்னிக்கு ஸ்கேன்ல ஓசிலயே கெடைக்குது. அந்த காலத்து பிளேட்டுங்கள தனியா அச்சடிச்சு, பல புக்ஸ்ல ஒவ்வொண்ணுக்கும் கையால கலர் போட்டு, அப்புறம் தான் புக்கோட சேத்து தைப்பாங்க. அதனால ஒரு பிளேட்டை பிளேடு வச்சு அறுத்து எடுத்தா வெளிய ஒண்ணுமே தெரியாது. முன்னாடி பிளேட் லிஸ்ட் அச்சாயிருந்தா அதை வச்சு ஒண்ணொண்ணா எண்ணணும், லிஸ்ட் இல்லைன்னா அந்த பதிப்புல எத்தன இருக்கணும்னு வெளிய பாத்துட்டு வந்து எண்ணணும். பாய் நம்ம கண்ணு முன்னாடி எண்ணி காட்டுவாரு, நாம கேக்கவே வேணாம்.

ஒரு நாள் ஜெர்டன் புக்கை ஒருத்தருக்கு அப்படி எண்ணி காட்டிட்டு இருந்தாரு, நான் ஓரமா நின்னு பாத்தேன். மெட்ராஸ் ஆர்மில டாக்டரா இருந்த ஜெர்டன் இந்திய பறவைகள பத்தி போட்ட படப் புத்தகம், 50 பிளேட், இதே மெட்ராஸ்ல அச்சானது. பாய் கைய நல்லா கழுவி தொடச்சுட்டு வந்து, ஒவ்வொரு தாளையும் மேல் மூலைல புடிச்சு மெதுவா திருப்புறாரு, படத்து மேல இருக்கற டிஷ்யூ பேப்பரை தூக்குறாரு, நம்பர் சொல்றாரு, அவரு பையன் ஒரு நோட்ல டிக் அடிக்கிறான். ஃபேனை ஆஃப் பண்ணிட்டாங்க, ஏப்ரல் மாசம், எல்லாருக்கும் வேர்த்து ஊத்துது, ஒருத்தரும் வாய தெறக்கல. எண்ணி முடிச்சதும் ஒரு விலை சொன்னாரு. எனக்கு காதுல விழாத மாதிரியே நின்னுட்டேன்.

அந்த ஜெர்டன் புக்ல இன்னொரு விஷயம், பாய் சொல்லித் தான் எனக்கு புரிஞ்சுது. டைட்டில் பேஜ்ல 1847னு இருக்கும், ஆனா புக்கு 1843லருந்து பகுதி பகுதியா வந்தது. ஒரு பறவைக்கு யாரு மொதல்ல பேரு வச்சாங்களோ அந்த பேரு தான் செல்லும்ங்கறது விலங்கியல்ல ரூல், அப்போ எந்த பகுதி எந்த வருஷம் வெளியாச்சுங்கறது சும்மா வெட்டி ஆராய்ச்சி இல்ல, அதை வச்சு தான் பேரே நிக்கும். பகுதியா வந்த புக்ஸோட மேலட்டைல தேதி இருக்கும், பைண்டு பண்றவங்க அந்த லொட லொட அட்டைய கிழிச்சு குப்பைல போட்டுட்டு ஜம்முனு தோல் பைண்டிங் போட்டுடுவாங்க. கேம்பிளோட மெட்ராஸ் பிரசிடென்சி ஃப்ளோரா, அதாவது இந்த மாகாணத்து செடிங்கள பத்தின புக்கு, அதுவும் அதே கதை தான், 1915ல ஆரம்பிச்சு 1936ல தான் முடிஞ்சுது, நடுவுல ஃபிஷர் எடுத்து முடிச்சாரு. அதோட தனித்தனி பகுதி ஒண்ணு ரெண்டு, அழுக்கு பேப்பர் அட்டையோட பாய்கிட்ட இருக்கு, அதுக்கு பக்கத்துலயே தோல் பைண்டு போட்ட காப்பியும் இருக்கு, அழுக்கு அட்டைக்கு தான் விலை ஜாஸ்தி. மொதல்ல எனக்கு சிரிப்பா வந்துச்சு. செடிய ஐடி பண்றதுக்கு மட்டும்தான் வேணும்னா ரெண்டையும் விட்டுட்டு 1957ல பொட்டானிக்கல் சர்வே போட்ட ரீபிரிண்ட் வாங்குங்க, மூணு வால்யூம், போதும்.

ரீபிரிண்ட்னு சொன்னதும் ஞாபகம் வருது, பல கடைல டேராடூன், டெல்லி ரீபிரிண்ட்ட எல்லாம் தூசி படிஞ்சிருக்கற ஒரே காரணத்துக்காக ஒரிஜினல்னு தள்ளி விடுறாங்க. சௌகார்பேட்டைல நகை பட்டறைக்கு சாமான் விக்கிற கடைல பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு வாங்கி பாக்கெட்ல வச்சுக்கோங்க. படத்துல குட்டி குட்டி புள்ளியா ஒரே சீரா தெரிஞ்சா அது பிற்காலத்து மெஷின் வேலை. கையால போட்ட கலர் அங்கங்க கோட்டை தாண்டி வெளிய வழிஞ்சிருக்கும், கருப்பா அடர்த்தியா இருக்கற எடத்துல கோந்து போட்டு பளபளன்னு வச்சிருப்பாங்க, சாய்ச்சு பாத்தா மின்னும். செப்புத்தகடுல அச்சடிச்சதுன்னா படத்த சுத்தி தகடு அமுங்குன தடம் வெரல்ல தட்டும், கல்லுல அச்சடிச்ச லித்தோன்னா அந்த தடம் இருக்காது. பாய் கடைல லென்ஸ் வச்சு பாத்தா ஒண்ணும் சொல்ல மாட்டாரு, அவரோட லென்ஸையே குடுப்பாரு.

இப்ப குறைக்கு வருவோம்.

கடைக்குள்ள நுழைஞ்சதும் வலது பக்க சுவர்ல ஃபிரேம் போட்ட படங்க தொங்கும். அது பையனோட ஏரியா. இன்ஸ்டால போட்டு விக்கிறான், வீட்டு ஹால்ல மாட்றதுக்கு இன்டீரியர் ஆளுங்க மொத்தமா வாங்கிட்டு போறாங்களாம். அதுல ஒண்ணு, செடி ஆராய்ச்சியாளர் ராபர்ட் வைட்டோட ஐகோனெஸ்ங்கற செடிப் படப் புத்தகத்துலருந்து எடுத்த ஒரு ஆர்க்கிட் படம். வைட்டு அதை இதே மெட்ராஸ்ல 1853 வரைக்கும் ஆறு வால்யூமா, 2,000க்கும் மேல பிளேட்டோட வெளியிட்டாரு. படம் வரைஞ்சவங்க ரங்கய்யா, கோவிந்துன்னு நம்ம ஆளுங்க, பிளேட்டுக்கு கீழ மூலைல அவங்க பேரு பொடி எழுத்துல இருக்கும், ஒரு ஆர்க்கிட் ஜாதிக்கு கோவிந்து பேரையே வச்சாரு வைட்டு. அந்த காலத்துல வெள்ளக்காரன் ஓவியருக்கு அவ்ளோ மரியாதை குடுத்தது பெரிய விஷயம். ஆனா விஷயம் என்னன்னா ஐகோனெஸ் கருப்பு வெள்ளைல வந்த புக்கு. விலை கம்மியா இருக்கணும்னு கலர் போடாம தான் விட்டாங்க. கலர் பிளேட் இருக்கறது வைட்டோட இன்னொரு புக்ல, இல்லஸ்ட்ரேஷன்ஸ்ல. இங்க ஃபிரேம்ல இருக்கற படத்துல எலை எல்லாம் பச்சப் பசேல்னு இருக்கு, பச்சை வழிஞ்சு போய் பக்கத்துல தனியா வரைஞ்சிருக்கற பூவோட உறுப்பு மேலயும் ஏறிடுச்சு, அந்த சின்ன உறுப்பு படம் தான் செடிய அடையாளம் காண முக்கியமானதே. கீழ லேபிள்ல "ஒரிஜினல் ஹேண்ட் கலர்"னு ஸ்டைலா அச்சடிச்சு ஒட்டியிருக்கான். கையால போட்டது தான், இல்லன்னு சொல்லல, எவன் கைன்னு தான் கேள்வி.

"பாய், இது கலர் இல்லாம வந்த புக்காச்சே"ன்னு கேட்டேன்.

"தெரியும் தம்பி. அது பையன் டிபார்ட்மெண்ட்."

"அதுக்கும் ஒரு சீட்டு எழுதி பின்னாடி ஒட்டலாமே?"

"எழுதுனா எவன் வாங்குவான்?"

இதான் கடுப்பு. உள்ள ஒரு ராமபாண ஓட்டைய கூட மறைக்காத மனுஷன், சுவர்ல மட்டும் கண்ண மூடிக்கிறாரு. அதோட அந்த தனித் தாளுங்க எங்கருந்து வருது? ஏற்கனவே சிதைஞ்சு போன புக்லருந்து தான் எடுக்கறோம், முழுசா இருக்கற புக்கை வெட்டுறதே இல்லன்னு சத்தியம் பண்றாரு. அவரு பண்ண மாட்டாரு, நம்புறேன். ஆனா ஃபிரேமுக்கு இவ்ளோ கிராக்கி இருந்தா வெளில எவனோ ஒருத்தன் நல்ல புக்கை சிதைச்சு கொண்டு வந்து தருவான், வாங்க ஆள் இருக்கே. ஒரு ஸ்டார் இதுக்காக தான் கொறைச்சேன்.

லைப்ரரி முத்திரை விஷயத்துல ஆளு கறார். ஸ்கூல், காலேஜ் சீல் இருந்து, கழிச்சு விட்டதுக்கான முத்திரை இல்லைன்னா வாங்கவே மாட்டாரு. நான் இருக்கும்போதே பழைய பேப்பர்காரர் ஒருத்தர் சாக்குப் பைல கொண்டு வந்ததுல பாதிய திருப்பி விட்டாரு, அந்த ஆளு படி எறங்குற வரைக்கும் திட்டிட்டே போனாரு.

தமிழ் அலமாரி சின்னது தான், ஆனா எனக்கு அதான் புடிச்சுது. யாழ்ப்பாணத்துல டாக்டர் கிறீன் தமிழ்ல டாக்டருக்கு படிக்க வச்சப்ப வந்த புக்ஸ்ல ஒண்ணு, 1875ல வந்த கெமிஸ்தம்ங்கற வேதியியல் புக்கு, முன்பக்கம் இல்லாம பாவமா கெடக்கு, சீட்டுல "டைட்டில் இல்லை, 12 பக்கம் இல்லை, விக்கிறதுக்கு இல்லை"ன்னு எழுதியிருக்கு. விக்கிறதுக்கு இல்லன்னா எதுக்கு சீட்டுன்னு கேட்டேன், சிரிச்சாரு. பக்கத்துலயே கலைக்கதிர்ங்கற தமிழ் அறிவியல் இதழுங்கள பைண்டு பண்ண தொகுதி, சல்லிசா கெடைக்குது. கலைக்களஞ்சியம் பத்து வால்யூம் வீட்ல இருக்கு, எவ்ளோ போகும்னு நெறைய பேரு ஃபோன் பண்றாங்களாம். எல்லார் வீட்லயும் இருந்த புக்குக்கு என்ன விலை வரும், நீங்களே வச்சு படிங்கன்னு சொல்லிடுறாராம்.

பாதுகாப்பு விஷயம் கொஞ்சம். கடல் அங்கருந்து நடக்கற தூரம், காத்துல எப்பவும் ஈரம், மழைக்காலத்துல அலமாரி கண்ணாடி உள்பக்கமா வேர்க்குது. 1800 வாக்குல துணிக் கந்தல அரைச்சு செஞ்ச பேப்பர் இன்னும் தெளிவா இருக்கு, அதுக்கு நூறு வருஷம் கழிச்சு மரக்கூழ்ல செஞ்ச பேப்பர் தொட்டா அப்பளம் மாதிரி ஒடியுது, பேப்பர்ல இருக்கற அமிலம் தான் காரணம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு காட்டுனாரு. பூச்சிக்கு அலமாரில வசம்பு துண்டு போடுறாரு. கிழிஞ்ச முதுகுக்கு மைதா பசைல மயில்துத்தம் கலந்து ஒட்டுறாரு, பழைய பைண்டர் ஆளுங்க வழக்கம் அது, ஆவணக் காப்பகத்துல வேலை செய்யறவங்க பாத்தா தலைல அடிச்சுப்பாங்க. செல்லோடேப் மட்டும் கடைக்குள்ள வராது, அந்த வரைக்கும் நல்லது.

போறவங்களுக்கு: வெள்ளிக்கிழம மத்தியானம் தொழுகைக்கு மூடிடுவாரு, சாயந்தரம் போங்க. பைக் பார்க்கிங் மறந்துடுங்க, மெட்ரோ தான். மாடிப்படி குறுகல், முட்டி வலி இருக்கறவங்களுக்கு கஷ்டம். ஜிபே ஓகே, கார்டு கெடையாது. பேரம் பேசுனா மூஞ்சி மாறிடும், ஆனா குறை இருக்கற புக்கா எடுத்தா சீட்டுல போட்ட விலையே நியாயமா தான் இருக்கும், நான் எடுத்த பேக்கர் வால்யூம் அந்த ஒரு பிளேட் இருந்திருந்தா எனக்கு எட்டியே இருக்காது. வாங்குன சீட்டை தூக்கி போட்டுடாதீங்க, பின்னாடி நீங்க விக்கப் போனா அவரே அதை பாத்து தான் திருப்பி எடுப்பாரு. வெளியூருக்கு ரெண்டு பக்கமும் தடி அட்டை வச்சு, பிளாஸ்டிக் சுத்தி, ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புறாரு, மதுரைல இருக்கற ஃப்ரெண்டுக்கு முனை கூட மடங்காம போய் சேந்துது.

5க்கு 4. வலது பக்க சுவரை பாக்காம நேரா உள்ள போயிடுங்க. அப்புறம் அந்த பேக்கர் வால்யூம்ல இல்லாத பிளேட் தனியா எங்கயாச்சும் உங்க கண்ணுல பட்டா கமெண்ட்ல சொல்லுங்க, ஃபிரேம்ல இருந்தாலும் பரவால்ல, கழட்டிக்கிறேன்.