நக்கிள் பூமா, ஸ்ட்ரைட் பூமா? ஷெட்டு வேலைக்கு எது எடுப்பது

திருப்பூர், பல்லடம், பெருந்துறைப் பக்கம் ஷெட்டு வேலைக்கு பூம் லிஃப்ட் (நீண்ட கையின் நுனியில் உள்ள பேஸ்கெட்டில் ஆளை நிறுத்தி மேலே தூக்கும் மெஷின்) வாடகைக்குக் கேட்டால், பேச்சு "எத்தனை அடி வேணுங்க?" என்றுதான் ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: மெஷின் நிற்கும் இடத்துக்கும் வேலை நடக்கும் இடத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது? நிட்டிங் மெஷின் வரிசையோ டையிங் டேங்கோ இருந்தால், முழங்கை போல மடங்கும் நக்கிள் பூம். நடுவில் வெறும் திறந்த இடம்தான் என்றால், நேராக நீளும் ஸ்ட்ரைட் பூம்.

45 அடி ரகத்தையே இரண்டிலும் எடுத்துக்கொள்வோம். பேஸ்கெட்டின் அடித்தளம் ஏறும் உயரம் இரண்டிலும் ஏறக்குறைய 13.7 மீட்டர், கை எட்டுவது இன்னும் 2 மீட்டர் மேலே. வாடகைக்கு விடுபவர் சொல்லும் அடி இதில் எந்தக் கணக்கு என்று கேட்டு வாங்குங்கள். பக்கவாட்டில்தான் பெரிய வித்தியாசம்: நக்கிள் சுமார் 7.5 மீட்டர், ஸ்ட்ரைட் சுமார் 11 மீட்டர் எட்டும். ஆனால் நக்கிள், 7 மீட்டர் உயரத் தடையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கும். ஸ்ட்ரைட்டால் அது முடியாது. அகலமும் பேட்டரியில் ஓடும் நக்கிளில் 1.8 மீட்டர்தான் வரும், ஸ்ட்ரைட் 2.3 மீட்டர். மெஷின் வரிசைக்கு நடுவில் புகுந்து போக இந்த அரை மீட்டர் பெரிய விஷயம்.

ஷெட்டுக்குள்ளே பேட்டரி நக்கிள்தான் சரி. புகை இல்லை, துணியில் கரி படியாது, தடம் பதியாத டயரும் கிடைக்கும். ராத்திரி முழுக்க சார்ஜ் ஏறிய பிறகு செல்லில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். நம் பக்கத்து உப்பு போர் தண்ணியை ஊற்றினால் பேட்டரி சீக்கிரமே போய்விடும்.

நக்கிளில் கவனம் தப்பும் இடம் அந்த முழங்கை. பேஸ்கெட்டில் நிற்பவர் முன்னாலேயே பார்த்துக்கொண்டு கீழ்க் கையை எழுப்பும்போது, முழங்கை அவருக்குப் பின்னால் பிதுங்கிப் போய்த் தூணையோ கேபிள் ட்ரேயையோ இடிக்கும். கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டமான ட்ரஸ்ஸுக்கு அடியில் வேலை செய்யும்போது ஆபத்து இன்னும் கூடுதல். கன்ட்ரோல் மேல் குனிந்தபடி மேலே ஏற்றினால், முதுகு ட்ரஸ்ஸின் இரும்பு ஆங்கிளில் முட்டி, நெஞ்சு லீவர்மேல் அழுந்தி, மெஷின் இன்னும் ஏறிக்கொண்டே இருக்கும். மெஷின் இயங்கக் காலால் மிதித்தே வைத்திருக்கும் ஃபுட்சுவிட்ச்சிலிருந்து கால் எடுபட்டால்தான் நிற்கும். அதனால் கடைசி ஒரு மீட்டரை மெதுவான வேகத்தில், தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு, விட்டுவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். ஃபுட்சுவிட்ச் மேல் கல்லையோ கட்டையையோ வைத்து ஓட்டுபவரை அந்த நிமிடமே கீழே இறக்கிவிடுங்கள்.

வெளிவேலைக்கு டீசல் ஸ்ட்ரைட் பூம். ஆனால் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றைக் கணக்கில் எடுக்காமல் இதைக் கூப்பிடக் கூடாது. வெளியில் ஓட்டும் மெஷின்களுக்குப் பொதுவாக விநாடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர் காற்றுதான் எல்லை. கீழே சும்மா இருக்கிற மாதிரி தெரிந்தாலும் மேலே வேகம் அதிகம். காற்றுமானியைப் பேஸ்கெட்டில் வைத்துப் பாருங்கள். பேஸ்கெட் தாங்குவது பெரும்பாலும் 227 கிலோ. இருபதடி கூரைத் தகடு முப்பது கிலோகூட வராதே என்று இரண்டு பேரோடு அதையும் ஏற்றுவார்கள். எடையில் குற்றமில்லை. அந்த ஆறு சதுர மீட்டர் தகடு காற்றைப் பாய்மரம் போலப் பிடித்து, முழுசாக நீண்டிருக்கும் பூமையே தள்ளும். தகடு தனியாக கிரேனில் போகட்டும்.

ஓட்டும்போது இரண்டுக்கும் பொதுவான பொறி ஒன்று உண்டு. மேல்பாகம் 180 டிகிரி திரும்பி, பூம் வண்டியின் எதிர்ப்பக்கம் வந்துவிட்டால், லீவரை முன்னால் தள்ளினால் வண்டி பின்னால் போகும், ஸ்டீயரிங்கும் மாறும். சேஸில் (சக்கரங்கள் மாட்டிய அடிச்சட்டத்தில்) இருக்கும் அம்புக்குறியைக் கன்ட்ரோலில் உள்ள அம்புக்குறியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நகர்த்துங்கள். ஸ்ட்ரைட்டில் திரும்பும்போது பின்பக்க எடைக்கட்டை சக்கரத்துக்கு வெளியே வரும். சுவர் ஓரம் ஆள் நிற்கக் கூடாது.

இரண்டுமே ஏறக்குறைய 7 டன். பூம் ஒரு பக்கம் நீண்டால் அதில் பாதி ஒரே சக்கரத்தில் இறங்கும். சாயக்கழிவுக் கால்வாய் ஸ்லாப், மூடிய செப்டிக் டேங்க், மழை குடித்த கரிசல் மண் எதுவும் அதைத் தாங்கும் என்று நம்பாதீர்கள். சின்னக் குழியில் சக்கரம் இறங்கினாலும் பேஸ்கெட் கவண் மாதிரி ஆளைத் தூக்கி வீசும். முழு உடல் பெல்ட்டின் கயிறு குட்டையாக, பேஸ்கெட்டில் உள்ள கொக்கியில் மாட்டியிருக்க வேண்டும். பக்கத்துத் தூணில் மாட்டவே கூடாது. 11, 22 கிலோவோல்ட் மின்கம்பியிலிருந்து குறைந்தது 3 மீட்டர், கம்பி ஆடுவதற்கு இன்னும் கொஞ்சம்.

ஏறுவதற்கு முன் ஃபுட்சுவிட்ச், எமர்ஜென்சி ஸ்டாப், சாய்வு அலாரம், அவசர இறக்கம் நான்கையும் அவை இருக்கும் இடங்களில், கீழ் கன்ட்ரோலிலும் மேலேயும், இயக்கிப் பாருங்கள். கீழ் கன்ட்ரோலில் பேஸ்கெட்டை இறக்கத் தெரிந்த ஒருவர் வேலை முடியும்வரை அங்கேயே நிற்க வேண்டும். அவர் டீ குடிக்கப் போனால், மேலே இருப்பவரும் இறங்கிவிடட்டும்.