சிங்கப்பூர் – நியூயார்க் நேரடி விமானம்: 15,350 கி.மீ., பத்தொன்பது மணி நேரம்

இந்தத் தடத்தின் தூரத்தை யாரும் கையாலேயே கணக்குப் போட்டுவிடலாம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் ஏறத்தாழ கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில் இருக்கிறது, நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையம் மேற்கு 74-இல். கூட்டினால் 178, அதாவது கிட்டத்தட்ட உலகின் எதிரெதிர்ப் பக்கம். அதனால் மிகக் குறுகிய பாதை வட துருவத்தை உரசிப் போகிறது. நியூயார்க்கிலிருந்து துருவம் 49.4 பாகை, துருவத்திலிருந்து சிங்கப்பூர் 88.6. மொத்தம் 138 பாகை. பாகைக்கு 111 கி.மீ. சொச்சம் என்றால் சுமார் 15,350 கி.மீ.

இதை மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்தால் 17 மணி நேரம் வரும். இணையக் கணிப்பான்கள் செய்வதும் அதுதான். ஆனால் டிக்கெட்டில் 18½ முதல் 19 மணி வரை போட்டிருக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் வரிசையில் நிற்பதும் அதில் அடக்கம் என்பது ஒரு காரணம். பெரிய காரணம், விமானம் அந்தக் குறுகிய கோட்டில் போவதில்லை. போகும்போது பெரும்பாலும் பசிபிக் மேலே ஏறி, உயர வானில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக அடிக்கும் ஜெட் ஸ்ட்ரீம் காற்றை முதுகில் வாங்கிக்கொள்ளும். திரும்பும்போதும் பல நாட்களில் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகக் கிழக்கு நோக்கியே வரும். தூரம் கூடும், எரிபொருள் மிச்சமாகும். எதிரெதிர்த் தீர்க்கரேகையில் இருக்கும் ஊர்களுக்கே வாய்த்த வசதி இது.

ஓடுவது சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர், அதாவது மிக நீண்ட தூரத்துக்கான ரகம். 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். மொத்தம் 161 இருக்கைகள்: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதா எகானமி கிடையாது. பிரீமியம் எகானமி 2-4-2 அமைப்பு. வால் பக்கம் குறுகும் 40, 41, 42 வரிசைகளில் மட்டும் ஜன்னலோரம் ஒற்றை இருக்கை, பக்கத்தில் சாமான் வைக்கப் பெட்டி. தனியாகப் போகிறவர்கள் கூடுதல் கட்டணம் கொடுத்தாவது இதைப் பிடிக்கலாம். நடு நான்கில் உள்ளே மாட்டினால் ஒவ்வொரு முறையும் ஒருவரை எழுப்ப வேண்டும், அல்லது கால் வீங்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். முழங்கால் வரையிலான அழுத்தக் காலுறை போட்டுக்கொள்வது நல்லது.

தண்ணீர் பாட்டிலைக் காலியாகவே கொண்டுபோங்கள். சாங்கியில் பல முனையங்களில் சோதனை கேட் வாசலில்தான், நிரப்பியது அங்கே போய்விடும். இந்திய சைவச் சாப்பாடு வேண்டுமானால் புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்பே பதிய வேண்டும்.

கோடையில் நேர வித்தியாசம் சரியாக 12 மணி. முள் கடிகாரத்தைத் தொடவே வேண்டாம், பகல்தான் இரவாகியிருக்கும்! குளிர்காலத்தில் 13.

இதே நிறுவனம் நியூயார்க்கை அடுத்த நியூவார்க் விமான நிலையத்துக்கும் நேரடியாகப் போகிறது. நள்ளிரவை ஒட்டிக் கிளம்பும் அந்த விமானம் விடியற்காலையில் இறக்கிவிடும். ஹோட்டல் அறை பிற்பகல் மூன்றுக்குத்தான் கிடைக்கும் என்பதால் அன்றைய பகல் வீண். நண்பகல் வாக்கில் கிளம்பி மாலையில் ஜேஎஃப்கே சேருவதே உடம்புக்கு நல்லது: முதல் பாதியில் தூங்கி, பிற்பாதியில் விழித்திருந்து, இறங்கியதும் சாப்பிட்டுப் படுத்துவிடலாம்.

அமெரிக்காவுக்குள் வேறு ஊருக்குத் தொடர்கிறவர்கள் முதலில் இறங்கும் ஊரிலேயே குடிநுழைவு முடித்து, பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். மூன்று மணி நேரத்துக்குக் குறைந்த இணைப்பு வேண்டாம். கட்டணம் கட்டுப்படியாகாதவர்களுக்கு அதே நிறுவனத்தின் ஃபிராங்ஃபர்ட் வழி விமானத்தில் எகானமி இருக்கை உண்டு. பயணம் சில மணி நேரம் நீளும், ஆனால் நடுவில் இறங்கிக் காலை நீட்டலாம்.