வெள்ளச்சியின் வயிறும் ராமையன்பட்டி ஆட்டோவும்

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு விமானம், அங்கிருந்து ராத்திரி ரயில். பாளையங்கோட்டை வீட்டில் பெட்டியை இறக்கி வைக்கும்போது பீரோ மேலிருந்து அம்மாவின் பூனை வெள்ளச்சி எட்டிப் பார்த்தாள். குதித்து அரங்குக்குள், சாமான் போட்டுவைக்கும் உள்ளறைக்குள், ஓடியபோதுதான் அடிவயிறு கண்ணில் பட்டது. முடியே இல்லாமல் உரித்த கோழி மாதிரி இருந்தது. தொடையின் உட்பக்கமும் அப்படியே.

"மூணு மாசமா நக்கிக்கிட்டே கெடக்கு சவம். ஒடம்புச் சூடுட்டி, வேறொண்ணுமில்ல" என்றாள் அம்மா. வேப்பெண்ணெய் தடவிப் பார்த்திருக்கிறாள். பூனை மேல் எதைத் தடவினாலும் அது வயிற்றுக்குள்தான் போகும் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

எனக்கு ஒரு கர்வம் இருந்தது. சிங்கப்பூரில் 2024 செப்டம்பரில்தான் வீவக வீடுகளில், அதாவது அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளில், பூனை வளர்க்க அனுமதித்தார்கள். உடனே உரிமம் எடுத்து ஒன்றை வளர்க்கிறேன். அந்தச் சொற்ப அனுபவத்தில் எல்லாம் தெரிந்தவளாகிவிட்டேன். இங்கே அம்மாவுக்குப் பக்கத்து வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள். காலை எட்டு மணிக்கே டைல்ஸ் வெட்டும் மிஷின் கத்தத் தொடங்குகிறது. பயந்த பூனை, ஓயாத சத்தம், வழித்த வயிறு: மனப் பதற்றம்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

முதலில் ஒரு பெட் ஷாப்புக்குப் போனேன். பெயர் வேண்டாம். போனில் வயிற்றின் படத்தைப் பார்த்ததும் முதுகில் விடும் சொட்டு மருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். உறையில் நாய்ப் படம். "நாய்க்கும் பூனைக்கும் ஒரே மருந்துதான்க்கா, பாதி விட்டாப் போதும்" என்றார். பின்பக்கம் பொடி எழுத்தில் பெர்மெத்ரின் என்று இருந்தது, பூச்சிக்கொல்லி. நாய் தாங்கும், பூனை தாங்காது. பூனையின் ஈரலால் அதை முறித்து வெளியேற்ற முடியாது. நடுக்கம், வலிப்பு என்று போய் உயிரே போகலாம். பாதி அளவும் ஆபத்துதான். திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். இந்தப் பத்தியை மட்டும் படித்துவிட்டு மற்றதை விட்டாலும் பரவாயில்லை.

அப்புறம் திருநெல்வேலி பக்கத்து ராமையன்பட்டி. நான் ஊரை விட்டுப் போகும்போது அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி கிடையாது, 2012இல் வந்தது. பூனையைக் கொண்டுபோகக் கூண்டு இல்லை. அம்மாவின் இரண்டு ஒயர் கூடைகளை வாயோடு வாய் வைத்துக் கட்டி, உள்ளே அவளுடைய பழைய சேலையை விரித்து, மேலே துண்டு போட்டு மூடினோம். முதலில் வந்த ஆட்டோக்காரர் பூனை என்றதும் மறுத்துவிட்டார். இரண்டாமவர் வந்தார். காத்திருந்து திரும்பக் கொண்டுவிட அவருக்குக் கொடுத்த பணம், வைத்தியத்துக்கு ஆனதைவிட அதிகம்.

காத்திருக்கும் இடத்தில் ஆடுகள், கன்றுக்குட்டி, கட்டி இழுத்துக்கொண்டு நின்ற கன்னி இனத்து வேட்டை நாய் ஒன்று. வெள்ளச்சி மூச்சுகூட விடவில்லை. பூனையோடு போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், துண்டை மட்டும் விலக்காதீர்கள்.

உள்ளே பயிற்சியில் இருந்த பெண் மருத்துவர் முதலில் கேட்டது சத்தத்தைப் பற்றி இல்லை. அடிக்கடி மூத்திரம் போகிறதா, முக்குகிறதா என்று கேட்டார். மூத்திரப்பையில் வலி இருந்தாலும் பூனை அடிவயிற்றை நக்குமாம். எனக்கு அது தோன்றவே இல்லை. பிறகு வழித்த இடத்தின் ஓரத்தில் சில முடிகளைப் பிடுங்கி மைக்ரோஸ்கோப்பில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். நுனியெல்லாம் முறிந்திருந்தது. "தானாக் கொட்டலக்கா, நாக்கால அரம் போட்டு அறுத்திருக்கு." தானாக உதிர்ந்தால் நுனி ஊசி மாதிரி கூராக இருக்குமாம். சீப்பால் வாலடியை வாரி, விழுந்த கருப்புத் துகளை ஈரப் பஞ்சில் வைத்தார். சுற்றிலும் செம்பழுப்பாகக் கசிந்தது. தெள்ளுப்பூச்சியின் கழிவு, செரித்த ரத்தம். பூச்சி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை, நக்கி நக்கி அவளே விழுங்கியிருக்கிறாள்.

அன்று ராத்திரி தேடியதில் 2006இல் வெளியான ஓர் ஆய்வு கிடைத்தது. மனக் காரணத்தால் முடியை வழித்துக்கொள்கின்றன என்று கருதப்பட்ட 21 பூனைகளை முழுதாகச் சோதித்திருக்கிறார்கள். 16க்கு உடம்பில்தான் காரணம். 3க்கு இரண்டும் சேர்ந்து. வெறும் மனக் காரணம் 2 பூனைகளுக்கு மட்டுமே. என் கர்வம் அதோடு சரி.

பெரிய டாக்டர் பயத்தை மறுக்கவில்லை. அரிப்பை அடக்கிவிட்டு மிச்சத்தைப் பார்ப்போம், மனசுக்கான மாத்திரை கடைசியில்தான் என்றார். பூனைக்கென்றே உள்ள சொட்டு மருந்து மாதம் ஒரு தடவை, மூன்று மாதம். படுக்கைத் துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும். தரை இடுக்கிலெல்லாம் முட்டையும் கூடும் கிடக்கும், பெருக்கித் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நக்கும்போது அதட்டக் கூடாது, அதட்டினால் பயம் கூடி இன்னும் நக்கும்.

எழுதிக் கொடுத்த மருந்து மூன்று கடைகளில் இல்லை. ஆன்லைனில் வரவழைக்க நான்கு நாளானது. ஊரில் எனக்குக் குறையாகப்பட்டது இதுதான். நாய்க்கு அலமாரி நிறைய இருக்கிறது, பூனைக்குத் தீனிப் பொட்டலம் மட்டும். போகிறவர்கள் மருந்துச் சீட்டைப் படமெடுத்து அன்றைக்கே ஆர்டர் போட்டுவிடுங்கள். அப்படியே கதவு வைத்த கூண்டு ஒன்றும்.

அரங்கில் பழைய அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, வாசல் வெட்டி வைத்துவிட்டு வந்தேன். ஏழாவது வாரம் அம்மா வீடியோவில் வயிற்றைக் காட்டினாள். மெல்லிசாக வெள்ளைப் பூனைமயிர் முளைத்திருந்தது, தொடையில் இன்னும் இல்லை. "வேப்பெண்ணெ பையத்தான் கேக்கும்னு அன்னைக்கே சொன்னேம்லா" என்றாள். பின்னால் டைல்ஸ் மிஷின் கத்திக்கொண்டிருந்தது. வெள்ளச்சி அவள் கையிலிருந்து நழுவிப் பெட்டிக்குள் போய்விட்டாள்.