நீல விளக்கா, நீலத் தண்ணீரா, சோப்புத் தண்ணீரா?

மெயின் ரோட்டில் புதிதாகத் திறந்த சலூனில் ஏசி உண்டு, காபி உண்டு, நீல விளக்கு எரியும் கண்ணாடிப் பெட்டியும் உண்டு. "சீப்பெல்லாம் யுவி ஸ்டெரிலைசர்லதான் வைப்போம் மேடம்" என்று அந்தப் பெண் பெருமையாகச் சொன்னார். குனிந்து பார்த்தேன். ஒரு சீப்பின் பல்லிடுக்கில் யாருடைய முடியோ சுருண்டு கிடந்தது.

சலூன் சீப்பைச் சுத்தம் செய்யும் மூன்று முறைகளில் கடைசி இடம் அந்தப் பெட்டிக்குத்தான். புற ஊதா ஒளி நேராகப் படுகிற இடத்தில் மட்டும்தான் வேலை செய்யும். சீப்பின் மறுபக்கத்திலும் எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியிலும் உள்ள கிருமி நிம்மதியாக இருக்கும். கழுவிய சாமான்களைத் தூசு படாமல் வைக்க நல்ல அலமாரி, அவ்வளவுதான்.

அடுத்தது, கண்ணாடி ஜாடியில் நீலத் தண்ணீர். பார்பிசைட் என்ற நீல நிறக் கிருமிநாசினி 1947-இல் அமெரிக்காவில் வந்தது. அதே மாதிரி வேறு கிருமிநாசினிகளும் இருக்கின்றன. சரியாகச் செய்தால் இதற்குத்தான் என் ஓட்டு. ஆனால் முடியை எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, அப்புறம் 10 நிமிடம் முழுசாக மூழ்க வைக்க வேண்டும். கரைசலைத் தினமும் மாற்ற வேண்டும், கலங்கினால் உடனே. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் 10 நிமிடம் யார் காத்திருப்பார்கள்? அதனால் நான் கேட்பது ஒன்றுதான்: "முடி வெட்டுற ஒரு ஆளுக்கு எத்தனை செட் சீப்பு வெச்சிருக்கீங்க?" ஒரே செட் என்றால் ஜாடி வெறும் அலங்காரம்.

எங்கள் தெருமுனை பார்லர் அக்காவிடம் விளக்கும் இல்லை, ஜாடியும் இல்லை. ஒவ்வொரு ஆளும் எழுந்ததும் பழைய டூத் பிரஷ்ஷால் சீப்பைத் தேய்த்துக் கழுவி, கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டுவிடுவார். 54 டிகிரிக்கு மேல் சூடான நீரில் 10 நிமிடம் கிடந்தால் பேனும் ஈரும் சாகும். கத்தரியை ஸ்பிரிட் போட்டுத் துடைப்பார். பின்கழுத்தை மழிக்க, நம் கண் முன்னே புது பிளேடைப் பிரிப்பார். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே 7 நாள்கூடத் தாக்குப்பிடிக்கும் என்பதால் பிளேடு விஷயத்தில் நான் சமரசம் செய்வதில்லை. படர்தாமரைப் பூஞ்சைக்கு மட்டும் சோப்பும் வெந்நீரும் போதும் என்று சொல்லிவிட முடியாது. கிருமிநாசினி வேண்டும்.

இருந்தாலும், பளபளப்பான சலூனைவிட அக்கா கடையே மேல் என்பேன், திரெட்டிங் தவிர. அக்கா நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் புருவம் எடுப்பார். எச்சில் ஊறிய நூல் கண்ணுக்குப் பக்கத்தில் ஓடும். அந்த சலூனில் நூலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு செய்தார்கள். வாய் படவே இல்லை.

அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். "கழுத்துல மாட்டினா கை ஓடாதும்மா" என்று சிரித்தார். முடி வெட்ட அங்கே போகிறேன். புருவத்துக்கு மட்டும் மெயின் ரோடு.