ஒரே உருட்டலில் எத்தனை ஃபேட் பாயிண்ட்? சேலத்தில் நான்கு ஆண்டுகள் ஆடிப் பார்த்த அனுபவம்

சேலம் அஸ்தம்பட்டியில், எங்கள் வீட்டு மாடியில், மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஐந்து பேர் கூடி, 2013இல் வெளிவந்த ஃபேட் கோர் விதிகளின்படி நான்கு ஆண்டுகளாக ரோல்பிளேயிங், அதாவது ஆளுக்கொரு பாத்திரமேற்றுக் கூடிக் கதை நடத்தும் ஆட்டம், ஆடிவருகிறோம். பெரும்பாலும் கதையை நடத்தி எதிராளிகளை ஆட்டுவிக்கும் கேம் மாஸ்டர் நான்தான். உருட்டலுக்குக் கைகொடுக்கும் ஃபேட் பாயிண்டுகளைச் செலவழிக்க வரம்பு வேண்டுமா என்ற கேள்வியைப் போல எங்கள் மேசையில் நீண்ட விவாதம் வேறெதற்கும் நடந்ததில்லை. ஆகவே அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அதன் இயல்பைச் சொல்லும் ஐந்து ஆஸ்பெக்ட்கள் உண்டு. பகடையை உருட்டிய பிறகு, பொருந்துகிற ஓர் ஆஸ்பெக்டைச் சொல்லி ஒரு பாயிண்ட் கொடுத்தால் விடையில் 2 கூடும். அல்லது மறுபடி உருட்டலாம். ஒரே உருட்டலுக்கு எத்தனை பாயிண்ட் வேண்டுமானாலும் போடலாம்; ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆஸ்பெக்டைச் சொல்ல வேண்டும். வழக்கமான தொடக்க இருப்பு 3. பாத்திரத்தின் குறையே அதைச் சிக்கலில் மாட்டிவிடுவதைக் கம்பெல் என்கிறார்கள். ஏற்றுக்கொண்டால் ஒரு பாயிண்ட் கிடைக்கும், மறுத்தால் ஒன்று கொடுக்க வேண்டும். தொடக்க இருப்புக்கு மேல் மிஞ்சியது அடுத்த அமர்வுக்கும் அப்படியே வரும்.

எங்கள் பாயிண்டுகள், ஏற்காட்டிலிருந்து வரும் நண்பர் கொண்டுவந்து கொடுத்த வறுக்காத காப்பிக் கொட்டைகள். சாம்பல் கலந்த பச்சை நிறம், நடுவே ஒரு கீற்று. ஒரு பக்கம் தட்டையாக இருப்பதால் வைத்த இடத்தில் உருளாமல் நிற்கும். யாரிடம் எத்தனை இருக்கின்றன என்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்பது இந்த ஆட்டத்துக்கு மிகவும் முக்கியம்.

சிக்கல் இரண்டாம் ஆண்டில் தொடங்கியது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்த 1820களில் எங்கள் கதை நடந்தது. மலையடிவாரத்தில் நிலங்களை வளைத்துப்போட்ட ஒரு தரகன்தான் வில்லன்; அவனை வளர்த்தெடுக்க எனக்கு ஐந்து மாதங்கள் ஆயின. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலைபார்க்கும் நண்பர், மூன்று அமர்வுகளாகச் சேர்த்துவைத்த ஏழு கொட்டைகளையும் முதல் வீச்சிலேயே ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். தம்முடைய ஆஸ்பெக்ட்கள் ஐந்தோடு, அந்தக் காட்சியின் ஆஸ்பெக்ட்களான மூடுபனி ஒன்று, ஈரப்பாறை ஒன்று. என் பங்குப் பாயிண்டுகளை அந்தக் காட்சியில் நான் முன்பே செலவழித்திருந்தேன். தரகனால் அதிகபட்சம் 14 வரை தாங்க முடியும்; பகடையில் வந்த ஒன்றையும் சேர்த்து அடி 15 ஆனது. மற்ற மூவரும் பகடையைத் தொடாமலேயே கதை முடிந்துபோனது.

நான் வரம்பு வேண்டும் என்றபோது அவர் கேட்டது இதுதான்: “ஏனுங்கண்ணா, சேத்து வெச்சது நான். எப்ப செலவு பண்றதுன்னு நான்தானுங்களே முடிவு பண்ணணும்?” அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஒவ்வொரு கொட்டைக்கும் ஒரு கம்பெல்லை ஏற்று, கதைக்காகத் தம் பாத்திரத்தை அவமானப்படவும் அடிபடவும் விட்டிருந்தார்.

முதலில், உருட்டலுக்கு ஒரு பாயிண்ட் என்று வரம்பு வைத்தோம். எட்டு மாதங்களில் ஆட்டமே வறண்டுபோனது. சேர்த்தாலும் பயனில்லை என்று தெரிந்ததும் யாரும் கம்பெல்லை ஏற்கவில்லை. கையிலிருந்த பாயிண்டைக் கொடுத்தாவது மறுத்தார்கள். அடுத்து, ஐந்துக்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாது என்றோம். மாட்டுவண்டிக்காரரிடம் வழி கேட்பதற்குக்கூடப் பாயிண்டைக் கொட்டினார்கள். அதை இரண்டே மாதங்களில் கைவிட்டோம்.

மற்ற ஆட்டங்களில் கையிருப்பு வரம்பு நன்றாகவே வேலைசெய்கிறது. டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸின் 2014 பதிப்பில் இதே போல உருட்டலுக்கு உதவும் இன்ஸ்பிரேஷன் ஒன்றுக்கு மேல் சேராது. பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் ஹீரோ பாயிண்ட் மூன்றுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது, அமர்வு முடிந்தால் மீதியும் போய்விடும். அங்கே ஒவ்வொரு அமர்விலும் புதிதாகக் கிடைப்பதால் இழப்பு உறைப்பதில்லை. ஃபேட்டில் பாயிண்ட் என்பது பட்ட சிரமத்துக்குக் கிடைத்த கூலி. அதைப் பிடுங்குவது நல்ல கதை தந்தவருக்கே அபராதம் விதிப்பதாகும்.

பிறகு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் +1, 0, −1 என்று விழும் நான்கு ஃபேட் பகடைகளுக்கு 81 விளைவுகள்; அவற்றின் கூட்டுத்தொகையைப் பாத்திரத்தின் திறன் எண்ணோடு சேர்ப்போம். திறனைவிட இரண்டு கூடுதலாகத் தேவைப்படும் ஒரு செயலில், பாயிண்ட் இல்லாதவருக்கு 15 விளைவுகளில், அதாவது ஏறக்குறைய 19 சதவீதம், வெற்றி. ஒரு பாயிண்ட் இருந்தால் 50 விளைவுகள், 62 சதவீதம். இரண்டு இருந்தால் 76 விளைவுகள், 94 சதவீதம். மூன்றாவது பாயிண்ட் மேலும் ஐந்து விளைவுகளைத்தான் சேர்க்கிறது. பகடை விழுந்த பிறகுதான் செலவழிக்கிறோம் என்பதால், பூட்டைத் திறப்பதற்கோ பாறை ஏறுவதற்கோ யாரும் தேவைக்கு மேல் போடப்போவதில்லை. தாக்குதல் மட்டும் வேறு. அங்கே எதிராளியின் தடுப்பைத் தாண்டிய ஒவ்வொரு எண்ணும் அடியாக மாறுகிறது. ஆகவே மூன்றாவதும் ஏழாவதும் முதலாவதைப் போலவே முழுப் பயன் தருகின்றன. தரகன் ஒரே வீச்சில் விழுந்ததற்குக் காரணம் சேமிப்பல்ல, இந்த மாற்றம்தான். இதை உணர எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆனது; அதற்குள் இரண்டு தவறான விதிகளை நண்பர்கள் மீது சுமத்திவிட்டேன் என்ற வருத்தம் இப்போதும் உண்டு.

இப்போது தாக்குதல் உருட்டலுக்கு மட்டும், என் பாத்திரங்கள் உட்பட அனைவருக்கும், இரண்டு பாயிண்ட் வரம்பு. மற்ற உருட்டல்களுக்கும் கையிருப்புக்கும் வரம்பே இல்லை. கூட்டாளிகள் தங்கள் முறையைச் செலவிட்டு உருவாக்கித் தரும் இலவச உதவிகளையும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவற்றைச் சேர்த்தால் கூடி ஆடுவதற்குத் தண்டனை கொடுத்ததாகிவிடும். ஒன்றரை ஆண்டுகளாக இப்படி ஆடுகிறோம். கம்பெல்களை மீண்டும் ஏற்கிறார்கள். இறுதிச் சண்டைகளில் ஐந்து பேருக்கும் வேலை இருக்கிறது. இரண்டு என்பது குறைவு, மூன்றாக்க வேண்டும் என்று பட்டறை நண்பர் இன்னும் சொல்கிறார். நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் கொட்டைகளை அவர் சேர்ப்பது நிற்கவில்லை. சென்ற அமர்வில் மழையில் சரியும் மலைப்பாதையில் தோழர்கள் பற்றியிருந்த கயிற்றை விடாமல் பிடித்துக்கொள்ள, ஒரே உருட்டலில் நான்கை எடுத்து வைத்தார்.