பிளாக்ஜாக் பழக எது உருப்படியான வழி? இலவச ஆப், பயிற்சி மென்பொருள், பைத்தான் நிரல், சீட்டுக்கட்டு

வேலூர்ப் பக்கம் சீட்டு என்றாலே ரம்மிதான். காட்பாடி மாணவர் அறைகளிலிருந்து குடியாத்தம் கல்யாண மண்டபம் வரை பதிமூன்று சீட்டு பிடித்துப் பழகிய கைகள்தான் அதிகம். ரம்மியில் ஏஸுக்குப் பத்துப் புள்ளி. பிளாக்ஜாக்கில் 21-ஐத் தாண்டாமல் அதை நெருங்கி, சீட்டுப் போடும் டீலரை முந்த வேண்டும்; அங்கே அதே ஏஸ் 1 ஆகவும் இருக்கும், 11 ஆகவும் இருக்கும். புதிதாகக் கற்கிறவர்கள் தடுமாறுவதும் பெரும்பாலும் இந்த ஏஸ் வந்த கைகளில்தான்.

கற்க வேண்டியது எந்தக் கைக்கு என்ன செய்வது என்று சொல்லும் ஒரே ஒரு அட்டவணை. ஏஸ் இல்லாத கூட்டுத்தொகைக்கு 10 வரிசை, ஏஸை 11 ஆக எண்ணி அதோடு 2 முதல் 9 வரை சேர்ந்த சாஃப்ட் கைக்கு 8 வரிசை, ஜோடிக்கு 10 வரிசை. டீலரின் திறந்த சீட்டு பத்து வகை. ஆக 280 கட்டங்கள். 1956-ல் அமெரிக்க ராணுவத்தைச் சேர்ந்த நான்கு பேர் மேசைக் கணக்கு இயந்திரத்தை வைத்தே இதை ஏறக்குறைய சரியாகப் போட்டுவிட்டார்கள். பிறகு கணிதவியலாளர் எட்வர்ட் தோர்ப் ஐபிஎம் கணினியில் அதைத் திருத்தினார். முழுவதும் மனப்பாடமானாலும் வழக்கமான ஆறு சீட்டுக்கட்டு விதிகளில் சூதாட்டக் கூடத்தின் சாதகம் சுமார் 0.5 சதவீதத்துக்கு இறங்குமே தவிர, உங்கள் பக்கம் வந்துவிடாது. இதைத் தெரிந்துகொண்டு ஆரம்பிப்பது நல்லது.

இலவசக் காயின் ஆப்

போனில் எளிதாகக் கிடைக்கிறது, படமும் சத்தமும் நன்றாக இருக்கிறது. சீட்டு மதிப்பைக் கூட்டவும் ஹிட் (இன்னொரு சீட்டு எடுப்பது), ஸ்டாண்ட் (நிற்பது), டபுள் (முதல் இரண்டு சீட்டோடு பந்தயத்தை இரட்டித்து ஒரே ஒரு சீட்டு எடுப்பது), ஸ்ப்ளிட் (ஜோடியை இரண்டு கையாகப் பிரிப்பது) என்ற வார்த்தைகள் பழகவும் இரண்டு நாளைக்கு இது போதும். அதற்கு மேல் இதை நம்பக் கூடாது.

முதல் காரணம், வரவேண்டிய கை வருவதில்லை. ஆறு கட்டு ஆட்டத்தில் உங்களிடம் ஜோடி அல்லாத இரண்டே சீட்டில் 16, டீலரிடம் 10 என்ற நிலை சுமார் 55 ஆட்டத்துக்கு ஒரு முறை வரும். உங்களிடம் ஏஸும் 7-ம், டீலரிடம் 9 என்ற நிலையோ சுமார் 1,100 ஆட்டத்துக்கு ஒரு முறைதான். இதில் ஹிட் எடுக்க வேண்டும். டீலரின் 9-க்குக் கீழே பத்து மதிப்புச் சீட்டு இருந்தாலே அவருக்கு 19 ஆகிவிடும், உங்கள் 18 நிற்காது. இன்னொரு சீட்டு எடுத்தாலும் சாஃப்ட் கை அந்த ஒரு சீட்டில் 21-ஐத் தாண்டாது. ஆயினும் ‘பதினெட்டு வந்தாச்சு, போதும்’ என்று நின்றுவிடுகிறார்கள். ஆயிரம் ஆட்டத்துக்கு ஒரு முறை வருகிற தவறு எப்படித் திருந்தும்?

இரண்டாவது காரணம் இன்னும் மோசம். ஆப் சொல்வது ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்பதை மட்டும்தான். டீலரின் 10-க்கு எதிரே 16 வைத்து நின்றால் நூற்றுக்கு 77 முறை தோல்வி. ஹிட் எடுத்தால் 13-ல் 8 வகைச் சீட்டு 21-ஐத் தாண்டவைத்துக் கையை உடைத்துவிடும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நஷ்டம், ஹிட் மயிரிழை மேல். காயின் ஏறி இறங்குவதைப் பார்த்து இந்த வித்தியாசத்தை எந்த மனிதரும் கற்க முடியாது. சரியாக ஆடித் தோற்றவர் தப்பாக ஆடினோம் என்று நினைத்து மாற்றிக்கொள்வார்.

யுபிஐ-யில் பணம் போடச் சொல்லும் ஆப் எதுவானாலும் அப்போதே நீக்கிவிடுங்கள். தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் இருக்கிறது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராக 2025 ஆகஸ்டில் நடுவண் சட்டமும் வந்துவிட்டது. அட்டவணை கற்க ஒரு ரூபாய்கூடத் தேவையில்லை.

பயிற்சி மென்பொருள்

நான்கில் இதுதான் முதலிடம், ஆனால் இரண்டு வசதிகள் இருந்தால் மட்டும். ஒன்று, தவறான பொத்தானை அழுத்திய நொடியே தடுத்துச் சரியானதைச் சொல்ல வேண்டும். இரண்டு, சாஃப்ட் கை மட்டும், ஜோடி மட்டும் என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

நிறுவியதும் விளையாடத் தொடங்காமல் விதிகள் பக்கத்தைத் திறந்து நான்கைச் சரிபாருங்கள்: எத்தனை கட்டு, டீலர் சாஃப்ட் 17-ல் நிற்கிறாரா, ஸ்ப்ளிட் செய்த பின் டபுள் உண்டா, பிளாக்ஜாக்குக்கு (முதல் இரண்டு சீட்டிலேயே வரும் 21-க்கு) கொடுப்பது 3:2-ஆ 6:5-ஆ. கையில் ஆறு கட்டு அட்டவணையும் மென்பொருளில் ஒரு கட்டும் இருந்தால், சரியாக ஆடினாலும் சிவப்பு விளக்கு எரியும். உங்களிடம் 11, டீலரிடம் ஏஸ் என்ற கட்டத்தில் இது உடனே தெரியும். ஆறு கட்டு, டீலர் சாஃப்ட் 17-ல் நிற்கிறார் என்றால் ஹிட். ஒரு கட்டு என்றால் டபுள். பணவீதம் அட்டவணையை மாற்றாது, ஆனால் 100-க்கு 150-க்குப் பதில் 120 கொடுக்கும் மேசையில் சுமார் 1.4 சதவீதம் கூடுதலாகப் போகும். அட்டவணை கற்றதன் பலனெல்லாம் அதில் கரைந்துவிடும்.

பல மென்பொருள்களில் ஒரு குறை: இரண்டு சீட்டுக் கையோடு நிறுத்திவிடுகின்றன. ஏஸ், 2, 5 என்று மூன்று சீட்டில் சாஃப்ட் 18 வந்து டீலரிடம் 5 இருந்தால் டபுள் செய்ய முடியாது, நிற்க வேண்டும். இதே நிலையில் சாஃப்ட் 17 என்றால் எடுக்க வேண்டும். மூன்று சீட்டுக் கை கேட்காத மென்பொருளில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கூட இங்கே திணறுவார்.

பைத்தானில் நீங்களே எழுதுவது

பொறியியல் மாணவர்களுக்கு ஆசையாக இருக்கும். ஏன் அப்படி ஆட வேண்டும் என்ற காரணம் புரிய இதைவிட நல்ல வழியில்லை, ஆனால் வேகம் பழக இது உதவாது. ஒரு ஆட்டத்தின் ஏற்ற இறக்கம் பந்தயத்தில் சுமார் 1.15 மடங்கு. 10,000 ஆட்டம் ஓட்டினால் விடையில் 1.15 சதவீதம் தடுமாற்றம் இருக்கும். தேடுவதோ அரை சதவீதம். 10 லட்சம் ஆட்டம் ஓட்டினால்தான் தடுமாற்றம் 0.115-க்கு இறங்கும். விடை விசித்திரமாக வந்தால் ஸ்ப்ளிட் பகுதியைப் பாருங்கள். ஏஸைப் பிரித்த பின் 10 விழுந்தால் அது வெறும் 21, பிளாக்ஜாக் அல்ல. அதற்கு 3:2 கொடுத்துவிட்டால் ஆட்டக்காரர் பக்கம் பொய்யாகச் சாதகம் கூடும்.

சீட்டுக்கட்டும் அச்சிட்ட அட்டவணையும்

லாங் பஜாரில் ரம்மிக்கு என்று இரண்டு கட்டு வாங்கினால் போதும். ஜோக்கர்களை எடுத்துவிடுங்கள். முதல் கட்டிலிருந்து ஒரு ஏஸை உருவி மேசையில் நிரந்தரமாகத் திறந்து வையுங்கள். அதே கட்டின் 2 முதல் 9 வரையான 32 சீட்டைக் கலைத்து ஒவ்வொன்றாக ஏஸ் பக்கத்தில் போடுங்கள். டீலர் சீட்டு இரண்டாவது கட்டிலிருந்து வரட்டும். 32 கேள்வியும் சாஃப்ட் கைதான். ஜோடிக்கு இன்னும் சுலபம்: ஒரே சீட்டைப் போட்டு அதை ஜோடியாக எண்ணிக்கொள்ளலாம். மென்பொருளில் இல்லாத மூன்று சீட்டுக் கையையும் இப்படியே உருவாக்கலாம். கரண்ட் போனாலும் பயிற்சி நிற்காது.

குறை என்னவென்றால் தப்பைச் சொல்ல ஆள் இல்லை. எதிரே ஒருவர் அட்டவணையை வைத்துக்கொண்டு சரிபார்த்தால்தான் இது மென்பொருளுக்குச் சமம். அந்த அட்டவணையை ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்துவிடாதீர்கள். பச்சையும் சிவப்பும் ஒரே சாம்பல் நிறமாகி ஹிட் எது, ஸ்டாண்ட் எது என்றே தெரியாது. கலர் பிரிண்ட் வேண்டாம் என்றால் கட்டத்துக்குள் எ, நி, இ, பி என்று எழுத்தாகப் போட்டுக்கொள்ளுங்கள்: எடு, நில், இரட்டி, பிரி.

தனியாகப் பழகுகிறவர் மென்பொருளையே எடுக்கலாம். முதல் வாரம் சாஃப்ட் கை, அடுத்து ஜோடி, மற்றவை கடைசியில். கூட ஒருவர் கிடைத்தால் இரண்டு கட்டுச் சீட்டு போதும். எந்த வழியானாலும் தப்பான கட்டங்களை நோட்டில் குறித்து, மறுநாள் அந்தக் கட்டங்களிலிருந்தே தொடங்குங்கள்.